நாட்காட்டியில் நிலவும் கோள்களும்: தேதியைக் கோணமாகப் படிப்பது எப்படி?

2025 பிப்ரவரி இறுதியில் ‘ஏழு கோள்களும் ஒரே வரிசையில் தெரியும்’ என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. அந்த வாரம் அந்திவானில் வெறுங்கண்ணுக்கு எளிதாகத் தெரிந்தவை வெள்ளி, வியாழன், செவ்வாய் ஆகிய மூன்றுதான். புதன் அடிவானத்தை ஒட்டிச் சற்று நேரம் தலைகாட்டியது. சனி சூரிய வெளிச்சத்தில் மூழ்கிக் கிடந்தது. யுரேனஸைத் தேட இருகண்நோக்கியாவது வேண்டும். நெப்டியூனுக்குத் தொலைநோக்கி இல்லாமல் முடியாது. செய்தியை நம்பி அண்ணாந்து பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பு: நாட்காட்டி தவறா, செய்தி தவறா?

நாட்காட்டி சரியாகத்தான் இருந்தது. சனி மார்ச் 12 அன்று சூரியனோடு சேர்கிறது என்று எந்த வானியல் நாட்காட்டியிலும் ஒரு வரி இருந்திருக்கும். இன்னும் பன்னிரண்டு நாளில் சூரியனோடு சேரப்போகும் கோள் பிப்ரவரி 28 அன்று கண்ணில் படாது என்பதை அந்த ஒரு வரியிலிருந்தே எடுத்துவிடலாம். எடுப்பதற்கு ஒரு வழிமுறை தேவை. நாட்காட்டியில் வானத்தைப் பற்றி அச்சாகும் ஏறக்குறைய எல்லாக் குறிப்புகளும் அடிப்படையில் கோண அளவுகள். ‘பௌர்ணமி’, ‘எதிர்நிலை’, ‘சேர்க்கை’, ‘பெரும விலகல்’ என்று பெயர்கள் பலவாக இருந்தாலும் சொல்லப்படும் செய்தி ஒன்றே: சூரியனிலிருந்து அந்தப் பொருள் எத்தனை பாகை தள்ளி நிற்கிறது என்பது. இதைப் புரிந்துகொண்டவருக்கு ஓராண்டு நாட்காட்டி முழுவதும் திறந்துகொள்ளும்.

எல்லாம் ஒரே வீதியில்

ஆண்டு முழுவதும் விண்மீன்களின் பின்னணியில் சூரியன் நகர்வதாகத் தோன்றும் பாதைக்குச் சூரிய வீதி என்று பெயர். உண்மையில் அது பூமி சூரியனைச் சுற்றும் தளம்தான். நாம் அந்தத் தளத்திலேயே இருந்துகொண்டு பார்ப்பதால் வானத்தில் ஒரு கோடாகத் தெரிகிறது. மற்றக் கோள்களின் பாதைகளும் இந்தத் தளத்திலிருந்து அதிகம் விலகுவதில்லை. புதனின் பாதை 7 பாகை சாய்ந்தது. வெள்ளியினுடையது 3.4, சனியினுடையது 2.5, செவ்வாய்க்கு 1.9, வியாழனுக்கு 1.3. நிலவின் பாதை 5.1 பாகை சாய்ந்தது.

ஆகவே கோள்கள் வானத்தில் ஒரு கோட்டை ஒட்டி நிற்பது எந்த நாளும் நடப்பது. பல கோள்கள் இருட்டிய பிறகு ஒரே நேரத்தில் அடிவானத்துக்கு மேலே இருப்பதுதான் குறைவாக வாய்ப்பது. இதில் ‘வரிசை’ என்ற சொல்லுக்குத் தனிப் பெருமை எதுவும் கிடையாது.

பாகையை அளக்கக் கருவி வேண்டியதில்லை. கையை முழுவதும் நீட்டிப் பிடித்தால் மூடிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை, நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5, சுண்டுவிரல் 1. நிலவின் தட்டு வெறும் அரைப் பாகைதான். நீட்டிய கையின் சுண்டுவிரல் அதை முழுமையாக மறைத்துவிடும். முதன்முறை செய்து பார்ப்பவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை.

விலகல் கோணம்: கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே எண்

சூரியனுக்கும் ஒரு கோளுக்கும் (அல்லது நிலவுக்கும்) இடையே நம் கண்ணுக்குத் தெரியும் கோணமே விலகல் கோணம். வானம் மணிக்கு 15 பாகை சுழல்கிறது. எனவே விலகலை 15 ஆல் வகுத்தால், அந்தப் பொருள் சூரியனுக்கு எத்தனை மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வருகிறது என்பது தோராயமாகக் கிடைத்துவிடும்.

1. விலகல் கிழக்கே இருந்தால் அந்தப் பொருள் சூரியன் மறைந்த பிறகு மறையும். அதைத் தேட வேண்டியது மாலையில், மேற்கு வானில்.
2. விலகல் மேற்கே இருந்தால் சூரியனுக்கு முன்பே உதிக்கும். தேட வேண்டியது விடியலுக்கு முன், கிழக்கு வானில்.
3. விலகல் 0 பாகையை நெருங்கினால் அது சேர்க்கை. பொருள் சூரியனோடு உதித்துச் சூரியனோடு மறையும், பார்க்க முடியாது.
4. விலகல் 180 பாகை என்றால் எதிர்நிலை. சூரியன் மறையும்போது உதித்து, விடியும்போது மறையும். இரவு முழுவதும் கிடைக்கும்.

‘மாலையில் கிழக்கு விலகல்’ என்பது பலரைக் குழப்புகிறது, ஏனென்றால் பொருள் தெரிவது மேற்குத் திசையில். இங்கே கிழக்கு என்பது சூரியனிலிருந்து கிழக்கே என்று பொருள்படும். மேற்கில் மறைந்துவிட்ட சூரியனுக்குக் கிழக்கே இருப்பது, அடிவானத்துக்கு மேலே இருக்கும்.

15 ஆல் வகுக்கும் கணக்கு தோராயமானதுதான். நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரிய வீதி அடிவானத்தில் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்பதால் அது நன்றாகவே பொருந்தும். வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போகப்போக வீதி சில பருவங்களில் மிகவும் சாய்ந்துவிடும். அப்போது விலகல் கோணம் பெரிதாக இருந்தாலும் கோள் அடிவானத்தை ஒட்டியே கிடக்கும். இந்தச் சாய்வு புதனைத் தேடும்போது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

நிலவு: கோணம் நாளுக்கு 12 பாகை வளர்கிறது

நிலவு விண்மீன்களுக்கிடையே ஒரு சுற்றை 27.3 நாளில் முடிக்கிறது. அதற்குள் சூரியனும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் மீண்டும் சூரியனை எட்டிப் பிடிக்க 29.5 நாள் ஆகிறது. ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி இதுதான். 360 பாகையை 29.5 ஆல் வகுத்தால் நாளுக்கு 12 பாகைக்குச் சற்று மேல். அதை மணியாக மாற்றினால் ஏறக்குறைய 50 நிமிடம். நிலவு தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிப்பதன் காரணம் இந்த 12 பாகைதான்.

நாட்காட்டியில் பிறைக் குறியைப் பார்த்ததும் கீழ்க்கண்டவை தாமாக மனத்தில் வர வேண்டும்.

1. அமாவாசை, 0 பாகை: சூரியனோடு உதித்துச் சூரியனோடு மறையும்.
2. வளர்பிறையின் அரைநிலவு, கிழக்கே 90 பாகை: நண்பகலில் உதயம், மாலையில் உச்சம், நள்ளிரவில் மறைவு.
3. பௌர்ணமி, 180 பாகை: மாலையில் உதயம், விடியலில் மறைவு.
4. தேய்பிறையின் அரைநிலவு, மேற்கே 90 பாகை: நள்ளிரவில் உதயம், விடியலில் உச்சம், நண்பகலில் மறைவு.

பகலில் நிலவு தெரிவதைக் கண்டு வியப்பவர்கள் இரண்டாவதையும் நான்காவதையும் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். நிலவு பாதி நேரம் பகல் வானில்தான் இருக்கிறது.

பஞ்சாங்கத்தின் திதியும் இதே கோணம்தான். சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே விலகல் 12 பாகை கூடும் ஒவ்வொரு முறையும் ஒரு திதி முடிகிறது. 30 திதிகள் சேர்ந்தால் 360 பாகை. வளர்பிறை அஷ்டமி என்றால் விலகல் 84 இலிருந்து 96 பாகைக்குள் இருக்கிறது, அதாவது அரைநிலவை ஒட்டிய நேரம் என்று உடனே தெரிந்துவிடும். திதி ஏன் நடுப்பகலில் மாறுகிறது, ஏன் சில திதிகள் நீளமாகவும் சில குறுகியும் இருக்கின்றன என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. நிலவின் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகே வரும்போது அது வேகமாக ஓடுகிறது. 12 பாகையைச் சீக்கிரம் கடந்துவிடுகிறது. தொலைவில் இருக்கும்போது மெதுவாகிறது. அதனால் ஒரு திதியின் நீளம் ஏறத்தாழ 19 மணியிலிருந்து 26 மணி வரை மாறுகிறது. கடிகார நாளோடு அது ஒட்டாமல் போவதில் வியப்பில்லை.

பன்னிரண்டு நிலவு மாதங்கள் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. இந்த ஆண்டு ஒரு தேதியில் வந்த பௌர்ணமி, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் 10 அல்லது 11 நாள் முன்னதாக வரும். நாட்காட்டி கையில் இல்லாதபோதும் இதை வைத்துக் கணித்துவிடலாம்.

உதயமே இல்லாத நாளும், இரவின் இரண்டு தேதிகளும்

நிலவு உதயம், மறைவு நேரங்களைத் தரும் அட்டவணையில் மாதத்துக்கு ஒரு நாள் உதயப் பத்தியில் வெறும் கோடு மட்டும் இருக்கும். இது அச்சுப்பிழை கிடையாது. தேய்பிறையின் அரைநிலவை ஒட்டி உதயம் இரவு 11.30 போல இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அது 50 நிமிடம் தள்ளி 12.20க்கு வர வேண்டும். ஆனால் 12.20 என்பது அதற்கடுத்த தேதிக்குப் போய்விட்டது. நடுவில் ஒரு தேதி நிலவு உதயமே இல்லாமல் கழிகிறது. வளர்பிறையின் அரைநிலவை ஒட்டி மறைவுக்கும் இதே கதை. 29.5 நாளில் நிலவு 28.5 முறைதான் உதிக்கிறது என்பதால், இந்த விடுபடல் ஒவ்வொரு நிலவு மாதத்திலும் வந்தே தீரும்.

இதை ஒட்டியே இன்னொரு குழப்பமும் வருகிறது. ‘10ஆம் தேதி 12.20க்கு உதயம்’ என்றால், பேச்சு வழக்கில் அது 9ஆம் தேதி இரவு. 10ஆம் தேதி இரவு காத்திருப்பவர் ஒரு நாளை இழந்துவிடுவார். வானத்தைப் பற்றிய குறிப்பை எழுதி வைப்பவர்கள் ‘9–10 இரவு’ என்று இரண்டு தேதிகளையும் சேர்த்து எழுதுவது மிகவும் நல்ல பழக்கம்.

மூன்றாவது, நேர வலயம். வானியல் நிகழ்வு ஒரே கணத்தில் நடக்கிறது. தேதி மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. 2025 செப்டம்பர் முழு நிலவு மறைப்பின் (சந்திர கிரகணத்தின்) உச்சம் உலகப் பொது நேரப்படி 7ஆம் தேதி 18.11. இந்திய நேரத்தில் அது 7ஆம் தேதி இரவு 11.41. சிங்கப்பூரில் 8ஆம் தேதி அதிகாலை 2.11. இரண்டு நாட்காட்டிகள் இரண்டு தேதிகளைச் சொன்னாலும் இரண்டும் சரி. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை உலகப் பொது நேரத்தில் அமைந்தவை. இந்திய, இலங்கை நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணியைக் கூட்ட வேண்டும், 18.30க்குப் பிறகு உள்ள எதுவும் அடுத்த தேதிக்குத் தாவிவிடும்.

இந்த எண்களின் மூலத்தில் கருத்து வேறுபாடு இருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பிரிட்டனில் 1767ஆம் ஆண்டுக்கென முதன்முதலாக வந்த கப்பலோட்டிகளின் பஞ்சாங்கம் முதல் இன்று நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் வெளியிடும் கோள்நிலைக் கணிப்புகள் வரை, துல்லியம் தொடர்ந்து கூடிக்கொண்டே வந்திருக்கிறது. நிலவின் உதய நேரம் இரண்டு நாட்காட்டிகளில் சில நிமிடங்கள் மாறுபட்டால், அவை வெவ்வேறு ஊர்களுக்குக் கணிக்கப்பட்டவை என்பதே பெரும்பாலும் காரணம்.

வெளிக்கோள்கள்: எதிர்நிலை ஒரு பருவத்தின் நடுநாள்

செவ்வாய், வியாழன், சனி ஆகியவை பூமியின் பாதைக்கு வெளியே சுற்றுகின்றன. எனவே விலகல் 0 முதல் 180 பாகை வரை எந்த அளவும் ஆகலாம். நாட்காட்டி இவற்றுக்கு முக்கியமாக இரண்டு தேதிகளைத் தரும்: சேர்க்கை, எதிர்நிலை. செய்திகளில் எதிர்நிலை நாள் ‘இன்றிரவு தவறவிடாதீர்கள்’ என்ற தொனியில் வருகிறது. என் கருத்தில், வான்காட்சியைப் பற்றிய செய்திகளில் மக்களுக்கு மிக அதிகமாகத் தீங்கு செய்வது இந்தத் தொனிதான். அன்று மேகம் மூடிவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

2026இல் சனியின் எதிர்நிலை அக்டோபர் 4. அன்று சனி சூரிய மறைவோடு கிழக்கில் உதிக்கும். சனி ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. மாதத்துக்கு 2 மணி. அப்படியானால் ஜூலைத் தொடக்கத்தில் சனி நள்ளிரவுபோல உதிக்கும். ஜனவரித் தொடக்கத்தில் இருட்டும்போதே உச்சிக்கு அருகே நிற்கும். அதன் பிறகு மாலைகளில் மேற்கே சரிந்துகொண்டே போய், அடுத்த ஏப்ரலில் சூரியனோடு சேரும். எதிர்நிலை என்ற ஒரே தேதியிலிருந்து ஆண்டு முழுவதற்குமான கணக்கு வந்துவிட்டது. அக்டோபர் 4க்கு ஒரு வாரம் முன்போ பின்போ பார்ப்பவர் எதையும் இழப்பதில்லை.

ஓர் எதிர்நிலையிலிருந்து அடுத்ததற்கு வியாழனுக்கு 399 நாள், சனிக்கு 378. எனவே எதிர்நிலை ஒவ்வொரு ஆண்டும் முறையே ஒரு மாதமும் இரண்டு வாரமும் தள்ளிப்போகும். சனியின் எதிர்நிலை 2024இல் செப்டம்பர் 8, 2025இல் செப்டம்பர் 21, 2026இல் அக்டோபர் 4. வியாழனுக்கு 2024 டிசம்பர் 7, அடுத்தது 2026 ஜனவரி 10. இடையில் 2025க்கு வியாழன் எதிர்நிலையே கிடையாது. 399 நாள் இடைவெளி அந்த ஆண்டைத் தாண்டிவிட்டது.

செவ்வாயின் கதை வேறு. அதன் பாதை நமக்கு அருகில் இருப்பதால் பூமி அதை எட்டிப் பிடிக்க நெடுநாள் ஆகிறது: 780 நாள், இரண்டு ஆண்டும் ஏழு வாரமும். 2025 ஜனவரி 16க்குப் பிறகு அடுத்த எதிர்நிலை 2027 பிப்ரவரி 19. எதிர்நிலைகளும் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. செவ்வாயின் பாதை நன்றாகவே நீள்வட்டம். 2018 ஜூலை எதிர்நிலையை ஒட்டி அது 5.76 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கியது; 2027இல் ஏறத்தாழ 10.1 கோடி கிலோமீட்டரோடு நின்றுவிடும். நாட்காட்டியில் இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்படும். காட்சியில் வேறுபாடு மிகப் பெரிது. அதனால் செவ்வாய்க்கு மட்டும் தேதியோடு தொலைவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்நிலையை ஒட்டிய வாரங்களில் கோள் விண்மீன்களுக்கிடையே பின்னோக்கி நகர்வதைக் காணலாம். பஞ்சாங்கம் வக்ரம் என்று குறிப்பது இதைத்தான். உள்ளே வேகமாகச் சுற்றும் பூமி அந்தக் கோளைக் கடந்து முன்னேறும்போது நம் பார்வைக் கோடு பின்பக்கமாகத் திரும்புகிறது. கோள் எங்கும் நின்று திரும்புவதில்லை.

வெள்ளி: 2026ஐ அருகில் பார்ப்போம்

புதனும் வெள்ளியும் பூமியின் பாதைக்கு உள்ளே இருப்பவை. அவை ஒருபோதும் எதிர்நிலைக்கு வருவதில்லை. வெள்ளி சூரியனிலிருந்து அதிகபட்சம் 45 முதல் 47 பாகை வரைதான் விலகும். 15 ஆல் வகுத்தால் மூன்று மணி. நள்ளிரவில் உச்சியில் வெள்ளியைப் பார்த்ததாக யாரேனும் சொன்னால் அது வேறு ஏதோ ஒன்று, பெரும்பாலும் வியாழன்.

இவற்றுக்கு நாட்காட்டி தரும் தேதிகள் நான்கு. சூரியனுக்கு அப்பால் போய்ச் சேர்வது வெளிச்சேர்க்கை. நமக்கும் சூரியனுக்கும் நடுவே வருவது உட்சேர்க்கை. இவற்றுக்கு இடையே கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு பெரும விலகல். 2026இல் வெள்ளிக்கு இவை எப்படி அமைகின்றன என்று பாருங்கள்.

1. ஜனவரி 6: வெளிச்சேர்க்கை. வெள்ளி கண்ணுக்குத் தெரியாது.
2. ஆகஸ்ட் 15: கிழக்கே பெரும விலகல், ஏறத்தாழ 46 பாகை. மாலை வானில்.
3. அக்டோபர் 24: உட்சேர்க்கை. மீண்டும் மறைவு.
4. 2027 ஜனவரி 3: மேற்கே பெரும விலகல். விடியல் வானில்.

முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு 221 நாள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு வெறும் 70 நாள். ஏழு மாதங்களுக்கு மேலாக மெல்ல ஏறிய வெள்ளி பத்தே வாரத்தில் ஏன் சரிந்து விழுகிறது? ஏறும்போது அது சூரியனுக்கு அப்பாலுள்ள நீண்ட வில்லைக் கடக்கிறது; நம்மிடமிருந்து தொலைவு, நகர்வு மெதுவாகத் தெரிகிறது. இறங்கும்போது நமக்கும் சூரியனுக்கும் இடையிலான குறுகிய வில்லைக் கடக்கிறது. அருகில் இருப்பதால் வேகமாகத் தெரிகிறது. இந்தப் பத்து வாரங்கள்தான் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்குப் பொன்னான காலம். வெள்ளி அரைவட்டத்திலிருந்து மெல்லிய பிறையாக மாறிக்கொண்டே, அளவில் வாரந்தோறும் பெரிதாகும். அதன் உச்சப் பிரகாசமும் செப்டம்பரில் இதற்குள்தான் வருகிறது. நாட்காட்டியில் ஆகஸ்ட் 15ஐ மட்டும் வட்டமிட்டுவிட்டு அதன் பிறகு விட்டுவிடுபவர் மிகச் சிறந்த பகுதியைத் தவறவிடுவார்.

புதனுக்கு இந்தச் சுற்று முழுவதும் 116 நாளில் முடிந்துவிடுகிறது. பெரும விலகல் 18 முதல் 28 பாகை வரை மாறுபடும். ஒவ்வொன்றை ஒட்டியும் ஓரிரு வாரம்தான் காண வாய்ப்பு. இங்கே கோணத்தை மட்டும் நம்பக் கூடாது. வடக்கு நடு அகலாங்குகளில் இருப்பவர்களுக்கு வசந்த கால மாலைகளிலும் இலையுதிர் கால விடியல்களிலும்தான் சூரிய வீதி நிமிர்ந்து நிற்கும். அப்போது 18 பாகை விலகல்கூட நன்றாகத் தெரியும். 28 பாகைப் பெரிய விலகல்கள் தெற்கு அரைக்கோளத்தாருக்கே சாதகமாக விழுகின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரு எச்சரிக்கை: இருகண்நோக்கியால் புதனைத் தேடுவதானால் மாலையில் சூரியன் முழுவதும் மறைந்த பிறகே எடுங்கள். விடியலில் தேடினால் சூரியன் எழுமுன் கீழே வைத்துவிடுங்கள். கண்ணுக்கு நேரும் கேடு நிலையானது.

நிலவே வழிகாட்டி

கோள்களை அடையாளம் காணத் தொடங்குபவருக்கு நாட்காட்டியின் மிகப் பயனுள்ள பகுதி, ‘நிலவு வியாழனுக்கு அருகே’ என்பது போன்ற குறிப்புகள்தான். நிலவு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கோளையும் கடந்து போகிறது. அன்று நிலவுக்குப் பக்கத்தில் மின்னாமல் நிலையாக ஒளிரும் புள்ளி அந்தக் கோள். ஓராண்டு இப்படிப் பார்த்தால் ஐந்து கோள்களும் மறக்காது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அச்சிட்ட நேரம் பகலில் வரலாம். நிலவு மணிக்கு அரைப் பாகை, அதாவது தன் அகலம் அளவு நகர்வதால், ஆறு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 3 பாகை கிழக்கே போயிருக்கும். இரண்டாவது, நிலவு நமக்கு மிக அருகில் இருப்பதால் பார்க்கும் இடத்தைப் பொறுத்து அதன் நிலை ஏறத்தாழ ஒரு பாகை வரை மாறித் தெரியும். ஓரிடத்தில் நிலவு கோளை மறைக்கும். வேறோர் இடத்தில் பக்கத்தில் நழுவிப் போகும். பொது நாட்காட்டியில் ‘மறைப்பு’ என்று இருந்தால் அது உங்கள் ஊருக்கும் பொருந்துமா என்று சரிபார்த்தே ஆக வேண்டும்.

இரண்டு கோள்கள் சந்திப்பது வேறு வகை. அவை மெதுவாக நகர்வதால் பல நாள் நெருக்கமாகவே இருக்கும். 2026 ஜூன் 9 அன்று மாலை வானில் வெள்ளியும் வியாழனும் ஒன்றரைப் பாகை அளவுக்கு நெருங்குகின்றன. ஜூன் முதல் வாரத்திலிருந்தே பார்க்கத் தொடங்கினால் இடைவெளி குறைவதும் பிறகு விரிவதும் நாளுக்கு நாள் தெரியும். வியாழனும் சனியும் சந்திப்பது ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒரு முறை. 2020 டிசம்பர் 21 அன்று அவை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளிக்குள் வந்தன.

தலைப்புச் செய்திகளைக் கோணத்தால் சோதிப்பது

1. ‘கோள்கள் நேர்கோட்டில்’. 2025 ஜனவரி நடுவில் செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே 180 பாகையில் இருந்தது. வெள்ளி 47 பாகையில். இந்த இரண்டு எண்களே போதும், விண்வெளியில் அவை சூரியனோடு ஒரே கோட்டில் இல்லை என்று சொல்ல.
2. ‘சூப்பர் மூன்’. நிலவு பூமிக்கு அண்மையில் இருக்கும்போது பௌர்ணமி வருவது. இந்தப் பெயர் 1979இல் ஒரு சோதிடர் வைத்தது. மிகச் சிறிய பௌர்ணமியோடு ஒப்பிட்டால் விட்டத்தில் 14 விழுக்காடு வரை பெரிது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு நிலவு இல்லாததால் கண்ணால் உணர்வது கடினம். அடிவானத்தில் நிலவு பெரிதாகத் தெரிவது இதனால் இல்லை. அது பார்வை மயக்கம், எல்லாப் பௌர்ணமிக்கும் உண்டு.
3. ‘நீல நிலவு’. ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டாவது பௌர்ணமி. 2026 மே 1இலும் 31இலும் பௌர்ணமி வருகிறது. நிறம் மாறாது. 31 நாள் மாதத்துக்குள் 29.5 நாள் சுற்று அடங்கியதைத் தவிர இதில் வேறெதுவும் நடக்கவில்லை.
4. ‘ஆகஸ்டில் செவ்வாய் நிலவளவு பெரிதாகத் தெரியும்’. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் 5.58 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கியதிலிருந்து பல ஆண்டுகள் சுற்றிய செய்தி. அன்றுகூட அதன் தட்டு நிலவின் விட்டத்தில் எழுபதில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அந்தச் செய்தி சுற்றிய மற்ற ஆண்டுகளின் ஆகஸ்டில் எதிர்நிலையே இல்லை. நாட்காட்டியைத் திறந்தாலே முடிந்துவிடும் விவகாரம்.

பழைய நாட்காட்டிகளையும் வைத்திருங்கள்

இந்தச் சுற்றுகளில் சில, ஆண்டுக் கணக்கோடு நன்றாகப் பொருந்திவிடுகின்றன. வெள்ளியின் ஐந்து சுற்றுகள் 8 ஆண்டுக்கு இரண்டரை நாள்தான் குறைவு. 2018இல் கிழக்குப் பெரும விலகல் ஆகஸ்ட் 17, உட்சேர்க்கை அக்டோபர் 26. 2026இல் அவை ஆகஸ்ட் 15, அக்டோபர் 24. 2034க்கு இன்னும் இரண்டு நாளைக் கழித்துக்கொள்ளலாம்.

நிலவின் 235 சுற்றுகள் 19 ஆண்டோடு ஏறத்தாழ முழுமையாகப் பொருந்துகின்றன. 2007 ஆகஸ்ட் 28 பௌர்ணமி. 2026 ஆகஸ்ட் 28உம் பௌர்ணமி, இரண்டு முறையும் நிலவு மறைப்பு. மறைப்புகளுக்கென்றே உள்ள இன்னொரு சுற்று 18 ஆண்டு, 11 நாள், 8 மணி. 2008 ஆகஸ்ட் 1 முழுச் சூரிய மறைப்பின் அடுத்த வருகை 2026 ஆகஸ்ட் 12. அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுழன்றுவிடுவதால், சைபீரியா, சீனா வழியாகப் போன நிழல் இம்முறை கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியாகப் போகிறது.

வியாழனுக்கு 12 ஆண்டு முந்தைய நாட்காட்டியைப் புரட்டினால் சில நாள் வேறுபாட்டில் அதே நிலை கிடைக்கும். செவ்வாய் மட்டும் இப்படிப் பிடிபடுவதில்லை. 15 ஆண்டுச் சுற்றை நம்பினால் 2012 மார்ச் 3க்கும் 2027 பிப்ரவரி 19க்கும் 12 நாள் இடிக்கிறது. 17 ஆண்டுச் சுற்றில் 2010 ஜனவரி 29இலிருந்து 21 நாள். சில நாள் வேறுபாட்டில் பொருந்துவதற்கு 79 ஆண்டு வேண்டும். ஆகவே செவ்வாயைப் பார்க்க அந்தந்த ஆண்டின் நாட்காட்டியையே வாங்க வேண்டியிருக்கிறது.